லாம் வீட்டு அத்தைப்பாட்டியும் 108 எழுத்துக் கல்லும்

ஹாங்காங்கின் பழைய கரையோர ஊர்களில் கடலோடிகளைக் காக்கும் தின் ஹாவ் என்ற பெண்தெய்வத்துக்குக் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. எழுபதுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் சில இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, அடுக்குமாடிகளுக்கும் சந்தைத் தெருக்களுக்கும் நடுவில் நிற்கின்றன. கோயில்கள் இடம் மாறவில்லை. கடலைத் தூர்த்து நிலம் எடுத்ததில் கரைதான் விலகிப் போய்விட்டது. கிளியர் வாட்டர் பே தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் மூத்த கோயிலுக்கு அந்தக் கதி நேரவில்லை. வாசலைத் தாண்டினால் அகன்ற முற்றம், முற்றம் முடிந்தால் படகுத்துறை, அதற்கு அப்பால் நீர், நீருக்கு அக்கரையில் துங் லுங் தீவு.

அந்தக் கோயிலை ஊரார் 'தாய் மியூ' என்கிறார்கள். அது இருக்கும் விரிகுடாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஜாஸ் ஹவுஸ் பே. கடவுளைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் துறைமுகப் பேச்சில் சிதைந்து 'ஜாஸ்' ஆகி, சீனக் கோயில் எதுவானாலும் 'ஜாஸ் ஹவுஸ்' என்றாகிவிட்டது. கான்டனீஸ் மொழியில் 'தாய்' என்றால் பெரிய என்று பொருள். 'தாய் மியூ' பெரிய கோயில், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருப்பவள் பெண்தெய்வம் என்று தெரிந்த பிறகு அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்ட என் தமிழ்க் காது அதைத் தவறாகவே புரிந்துகொண்டது. சரியான பொருள் தெரியும்வரை அந்தத் தவறு எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

என்னை அங்கே அழைத்துப் போனவர் அலுவலக நண்பர் ஒருவர். அவருடைய குடும்பப் பெயர் லாம். மாண்டரினில் லின் என்றும், ஹொக்கியனில் லிம் என்றும் ஒலிக்கும் அதே பெயர்தான். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வாழும் தமிழர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு லிம் குடும்பம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்பது போல எழுதப்படும் எழுத்து அது. பொருளும் காடு என்பதே. அன்று அவருடைய தாயாரும் உடன் வந்தார். மினிபஸ்ஸிலிருந்து இறங்கிக் கோயிலுக்கு நீளமான படிக்கட்டில் இறங்கும்போது, நாம் எந்தத் தெய்வத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அந்த அம்மையார் தின் ஹாவ் என்று சொல்லவில்லை. 'கூ போ' என்றார். தந்தை வழித் தாத்தாவின் உடன்பிறந்தாள் என்று மகன் விளக்கினார். நம் வீடுகளில் அத்தைப்பாட்டி என்கிறோமே, அதே உறவு.

இது முதியவர்களின் வாய்ச்சொல் மட்டுமன்று, மரபிலேயே உள்ளது. மரபுக் கதையின்படி அந்தத் தேவதை பூஜியன் மாகாணக் கரையை ஒட்டிய மெய்ஜோ தீவில், 960-ஆம் ஆண்டில், சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் இருபத்து மூன்றாம் நாளில் லின் குடும்பத்தில் பிறந்த பெண். பிறந்து ஒரு மாதம்வரை அழவே இல்லை என்பதால் 'மௌனம்' என்ற பொருளில் மோ என்று பெயரிட்டார்கள். தறியில் அமர்ந்திருந்தபோது தன்னிலை மறந்து, கடலில் புயலில் சிக்கிய தந்தையையும் சகோதரர்களையும் அவள் ஆவியாகச் சென்று மீட்டுக்கொண்டிருந்தாள் என்றும், மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிய தாய் அவளை உலுக்கி எழுப்பியதால் பிடி நழுவி ஒருவரை மட்டும் காப்பாற்ற முடியாமல் போனது என்றும் கதை சொல்கிறது. நழுவிப்போனது யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். எழுப்பியவள் பெரும்பாலும் தாய்தான். திருமணம் ஆகாமலே 987-இல் மறைந்தாள். வீட்டில் கன்னியாக மறைந்த பெண்ணுக்குச் சேலை வைத்துப் படைக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்தக் கதை எந்த வழியாகத் தெய்வத்தை அடைகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குடும்பத்தில் பிறந்த பெண்ணை அரசாங்கங்கள் படிப்படியாகப் பதவி உயர்த்தின. 1123-இல் கொரியாவுக்குச் சென்ற சோங் அரசின் தூதுக்குழு புயலில் பிழைத்துத் திரும்பியதை அவளுடைய அருள் என்று சொல்ல, கோயிலுக்கு அரச பெயர்ப்பலகை கிடைத்தது. 1156-இல் 'சீமாட்டி' ஆனாள். மங்கோலியரின் யுவான் ஆட்சியில் 'வானுலகத் துணைவி' ஆனாள். சிங் ஆட்சியில்தான் 'வானுலகப் பேரரசி', அதாவது தின் ஹாவ் ஆனாள். பட்டங்கள் இவ்வளவு இருந்தும் கடலோடிகள் பேரரசி என்று கூப்பிடவில்லை. அதற்கு ஒரு காரணத்தை 18-ஆம் நூற்றாண்டுச் சிங் அறிஞர் ஜாவ் யி குறித்து வைத்திருக்கிறார். புயலில் சிக்கியவன், மக்கள் அவளை உரிமையோடு அழைக்கும் 'மாசூ' என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் தலையைக்கூட முடியாமல் அப்படியே ஓடி வந்துவிடுவாளாம். அரச பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டால், கிரீடமும் ஆடையும் அணிந்து முறைப்படி வரவேண்டியிருப்பதால் தாமதமாகிவிடுமாம். நண்பரின் தாயார் 'கூ போ' என்று சொன்னபோது எனக்கு இந்தக் குறிப்புதான் நினைவுக்கு வந்தது. லின் வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போகும்போது குழந்தைகளைக் கோயிலில் உட்கார வைத்து, "அத்தை, பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்றும், மாலைவரை அந்தப் பிள்ளைகள் அழாமல், பசிக்காமல், வாசற்படி தாண்டாமல் இருக்கும் என்றும் பூஜியன் பக்கத்தில் ஒரு கதை உண்டு. பேரரசியிடம் யாரும் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக மாட்டார்கள்.

இனி ஹாங்காங் லாம் குடும்பத்தின் கதை. கவுலூனில் போ காங் என்ற ஊரில் வாழ்ந்த லாம் வம்சத்தாரிடம் ஒரு வம்சாவளி ஏடு உண்டு. சோங் காலத்தில் அவர்களுடைய முன்னோர் கரையோரக் கப்பல் வணிகம் செய்தவர்கள். லாம் சுங்-கின், லாம் பாக்-கின் என்று இரண்டு சகோதரர்கள். பெயர்களுக்குப் பொருள் பைன் மரத்தின் உறுதி, சைப்ரஸ் மரத்தின் உறுதி. புயலில் கப்பல் உடைந்தபோது இருவரும் கப்பலில் வைத்து வணங்கிய தேவதையின் திருவுருவைப் பற்றிக்கொண்டு மிதந்து, துங் லுங் தீவில் கரை சேர்ந்தார்கள். உயிர் பிழைத்த நன்றிக்கு அந்தத் தீவிலேயே கோயில் எழுப்பினார்கள். பிறகு அதே வம்சத்தில் வந்த லாம் தோ-யீ, நீரிணைக்கு வடக்கே, எதிர்க்கரையில் இன்னொரு கோயிலை 1266-இல் கட்டினார். அதுவே இன்றைய தாய் மியூ. மரத்தின் பெயர் கொண்ட சகோதரர்கள் மரச்சிலையைப் பிடித்து மிதந்தார்கள் என்று நான் சற்று அலங்காரமாகச் சொன்னபோது நண்பர் சிரித்துவிட்டு, "சிலை மரம் என்று ஏட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்.

ஏட்டைத் தவிர இன்னொரு சாட்சி இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால், சரிவின் மேலே, ஒரு பாறையில் சீன எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்பது வரிகள், மொத்தம் 108 எழுத்துகள். ஹாங்காங்கில் ஆண்டு குறிப்பிட்டுக் கிடைத்திருக்கும் கல்வெட்டுகளில் இதுவே மூத்தது. 1979-இல் இதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அரசு அறிவித்தது. கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே கீழே இறங்கிவிடுவதால், நாங்கள் போன அன்று பாறைக்கு முன்னால் எங்களைத் தவிர யாரும் இல்லை. நண்பர் விரலால் காற்றில் வரி பிடித்து, வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வந்து கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் நிறுத்தினார். இரண்டு மரங்கள் அடுத்தடுத்து நின்றன. அதன் கீழே தோ, அதன் கீழே யீ.

அந்த 108 எழுத்துகள் சொல்லும் செய்தியைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சுருக்கலாம். பழைய தலைநகர் பியன்னைச் சேர்ந்தவரும் இந்த உப்பளத்தின் அதிகாரியுமான யான் யிஜாங், சான்ஷானைச் சேர்ந்த ஹ தியன்ஜுவேயுடன் இந்த இரண்டு மலைகளையும் பார்க்க வந்தார். தென்கூடத்தின் கற்கோபுரம் தாஜோங் சியாங்ஃபூ ஐந்தாம் ஆண்டில், அதாவது 1012-இல் கட்டப்பட்டது. பின்னர் சான்ஷானைச் சேர்ந்த ஜெங் குவாங்சிங் கல்லும் மரமும் கொண்டு இரண்டு கூடங்களையும் புதுப்பித்தார். யோங்ஜியாவைச் சேர்ந்த தெங் லியாவ்ஜுவே அந்தப் பணியைத் தொடர்ந்தார். வடகூடத்தில் இருந்த பழைய கல், சுவான்ஜோவைச் சேர்ந்த சின் தாவ்பூ அதை முதலில் நிறுவியதாகச் சொல்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டின் பெயர் இருக்கிறது, எந்த அரசரின் ஆண்டு என்பது தெரியவில்லை. இப்போது சான்ஷானின் நியன் ஃபாமிங்கும், உள்ளூர்க்காரரான லின் தாவ்யியும் அதைத் தொடர்கிறார்கள். தாவ்யி கூடத்தைப் பெரிதாக்கியதோடு, இதைப் பதிவு செய்ய மறுபடியும் ஒரு கல் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சியன்சுன் ஆட்சியின் ஜியாசூ ஆண்டு, ஆறாம் மாதம் பதினைந்தாம் நாள். நம் கணக்கில் 1274.

லின் தாவ்யி என்பது மாண்டரின் ஒலிப்பு. லாம் தோ-யீயும் அவரும் ஒருவரே. குடும்பம் சொல்வதும் கல் சொல்வதும் அவர் ஒருவரிடத்தில்தான் சந்திக்கின்றன. மற்றபடி இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. வடகரைக் கோயிலை, கல்லின் சொல்லில் வடகூடத்தை, தொடங்கியவர் லாம் என்கிறது ஏடு. சுவான்ஜோக்காரரான சின் என்கிறது கல். கப்பல் உடைந்த சகோதரர்களைப் பற்றிக் கல்லில் ஒரு சொல் இல்லை. எல்லாவற்றிலும் வியப்பு, தேவதையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கூடம் என்றுதான் இருக்கிறது. கோயிலுக்கும் தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையின் பெயர் ஃபாட் தோங் முன், அதாவது புத்தர் கூடத்து வாயில். அந்தக் கூடத்தில் 1274-இல் லின் வீட்டுப் பெண்தான் வீற்றிருந்தாள் என்பதற்கு லாம் குடும்பத்தின் சொல்லே சான்று.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கல்லை நிறுத்தச் சொல்லிக் கேட்டவரே லாம் தோ-யீதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கூடத்தைப் பெரிதாக்கிய ஒருவர், ஊர் அதிகாரியே வந்திருக்கிற நேரத்தில், தன் குடும்பத்தின் பெருமையை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாறையில் இருப்பது தமக்கு முன்னால் அந்த இடத்தைப் பேணிய அயலூர்க்காரர்களின் வரிசை. பியன் இன்றைய கைஃபெங்; சான்ஷான் ஃபூஜோவின் பழைய பெயர்; யோங்ஜியா இன்றைய வென்ஜோ. சுவான்ஜோ அன்றைய உலகப் பெருந்துறைமுகங்களில் ஒன்று. உள்ளூர்க்காரர் என்று அந்தக் கல் குறிப்பிடுவது லாம் தோ-யீ ஒருவரைத்தான். கடைசியில் வந்து, கடைசிவரை இருந்தவர்.

சுவான்ஜோ என்ற பெயரைப் பாறையின் முன் கேட்டதும் எனக்குள் ஒன்று அசைந்தது. தாய் மியூ கல் வெட்டப்பட்ட ஏழாவது ஆண்டில், 1281 சித்திரையில், அதே சுவான்ஜோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர், செகாசைக்கான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் உடல்நலம் வேண்டி, அவருடைய பர்மானின்படி, அதாவது ஆணைப்படி, திருக்கதலீச்சுரத்து இறைவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. அந்த ஊரில் மாசூவுக்கான கோயில் 1196-இலேயே எழுந்துவிட்டது. கடல் கடந்து வந்த தமிழ் வணிகர்கள் சிவனை வைத்த அதே துறைமுகத்தில், கடலுக்குப் புறப்பட்ட சீன வணிகர்கள் லின் வீட்டுப் பெண்ணை வணங்கினார்கள். சம்பந்தப் பெருமாளின் கோயில் இன்று இல்லை; சிற்பத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. அதைக் கட்டிக் காக்க அந்த ஊரில் ஒரு குடும்பம் தங்கவில்லை என்பதை லாம் தோ-யீயின் பாறைக்கு முன் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

கல் வெட்டிய சில ஆண்டுகளிலேயே சோங் அரசு விழுந்தது. மங்கோலியப் படைகளுக்கு ஒதுங்கி ஓடிய சிறுவயது அரசரின் பரிவாரம் 1277-இல் கவுலூன் கரையில் தங்கிவிட்டுப் போனது. 1279-இல் யாமென் கடற்போரோடு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த யுவான், மிங், சிங் ஆட்சிகளைக் கோயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துவந்தது. இன்று நாம் காணும் கட்டடம் சோங் காலத்தது அன்று. திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது. 1962 செப்டம்பர் முதல் நாள் ஹாங்காங்கைத் தாக்கிய வாண்டா சூறாவளியில் பலத்த சேதம் அடைந்து, பின்பு சீரமைக்கப்பட்டது. புயலிலிருந்து காப்பவளின் கோயிலையே புயல் பிரித்துப் போட்டது பற்றிக் கேட்டபோது நண்பரின் தாயார் அலட்டிக்கொள்ளவில்லை. "அன்று அவள் வீட்டில் இருந்திருக்க மாட்டாள், கடலில் வேலை இருந்திருக்கும்" என்றார்.

நிர்வாகம் குடும்பத்தின் கையில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1928-இல் ஹாங்காங்கின் காலனி அரசு சீனக் கோயில்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. கோயிலின் பெயரால் வசூல் செய்து முறைகேடு நடத்துவதைத் தடுப்பது அதன் நோக்கம் என்று சொன்னார்கள். கோயில்களைப் பதிவு செய்ய வேண்டும், வருமானத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், சொத்து ஒரு குழுவின் மேற்பார்வைக்கு வர வேண்டும் என்று அது வகுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் இந்து அறநிலைய வாரியம் அமைந்தது என்பதை நினைவில் வைத்தால், பரம்பரை அறங்காவலர் வீடுகளில் அன்று என்ன பேச்சு நடந்திருக்கும் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய் மியூ இன்று அந்தச் சீனக் கோயில்கள் குழுவின் பொறுப்பில் இருக்கிறது.

கோயிலாவது நின்றது, குடும்பத்தின் ஊர் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஹாங்காங்கைக் கைப்பற்றிய ஜப்பானியர் காய் தாக் விமான நிலையத்தை விரிவாக்கக் கவுலூன் பக்கத்து ஊர்களை இடித்துத் தள்ளினார்கள். போ காங் அவற்றில் ஒன்று. அன்று மறைந்த ஊரின் பெயர், 'புதிய' என்ற அடையைச் சுமந்துகொண்டு, சான் போ காங் என்ற தொழிற்பேட்டைப் பகுதியின் பெயராக வாழ்கிறது. நண்பர் தினமும் மெட்ரோவில் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருகிறார்.

குடும்பமும் கோயிலும் பிரியாமல் இருக்கும் இடங்களும் உண்டு. பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றின் தோன்புரிக் கரையில், 1850-இல் நீராவிக் கப்பல் துறையாக எழுந்த ஒரு முற்றவீட்டுத் தொகுதியில் மாசூவின் சன்னதி இருக்கிறது. 1919-இல் வாங்லீ என்ற வணிகக் குடும்பம் அதை வாங்கியது. கிடங்காகவும் அலுவலகமாகவும் பயன்பட்ட காலத்திலும் சன்னதி இருந்த இடத்திலேயே இருந்தது. 2017-இல் அந்தக் குடும்பத்தாரே முழுவதையும் புதுப்பித்தார்கள். ஹொனலூலுவிலோ லின் பெயர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து 1889-இல் தொடங்கிய லும் சாய் ஹோ தோங் என்ற சங்கம் தின் ஹாவ் கோயிலைத் தன் கட்டடத்திலேயே வைத்திருக்கிறது. பாங்காக்கில் உறவு பத்திரத்தால் வந்தது. ஹொனலூலுவில் பெயரால் வந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதையே நெருக்கமானதாகச் சொல்வேன்; பத்திரம் கைமாறும்.

படி முடிந்து முற்றத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மூன்றாம் மாதத் திருநாளில் இந்த முற்றம் கொள்ளாது. கொடி கட்டிய மீன்பிடிப் படகுகளும் பயணிகள் படகுகளும் வரிசையாக வந்து ஆட்களை இறக்கும். நாங்கள் போனது சாதாரண நாள். உள்ளே கூரையிலிருந்து சுருள் ஊதுபத்திகள் கூம்பு வடிவில் தொங்கின. ஒவ்வொன்றிலும் நேர்ந்துகொண்டவரின் பெயர் எழுதிய தாள் ஆடியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் சட்டைத் தோளில் சாம்பல் ஒரு துண்டு முழுதாக விழுந்து, நான் தட்டுவதற்குள் பொடியானது. அவளுடைய காவலர்களான ஆயிரம் காதக் கண்ணனும் காற்றுக் காதனும் இருபுறமும் நின்றார்கள். ஒருவன் தொலைவில் தத்தளிக்கும் படகைப் பார்ப்பவன், மற்றவன் காற்றில் வரும் கூக்குரலைக் கேட்பவன்.

மூலவருக்குப் பக்கத்தில் அவளுடைய பள்ளியறை இருக்கிறது. டிராகன் கட்டில் என்று பெயர் கொண்ட படுக்கை அதில் உண்டு. பிள்ளை வரம் வேண்டுவோரும் பிற வேண்டுதல் உள்ளவர்களும் அதைத் தொட்டு வணங்குகிறார்கள். நண்பரின் தாயார் அங்கே நெடுநேரம் நின்றார். வரம் கேட்கிறார் என்று நினைத்து நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவர் கையை நீட்டி, கட்டிலின் விரிப்பில் ஓரமாக மடங்கியிருந்த ஒரு முனையை நீவிச் சரிசெய்தார். பிறகு, வந்த வீட்டில் விடைபெறும்போது சொல்வது போல, கான்டனீஸில் எதையோ சொல்லிவிட்டுத் திரும்பினார். என்ன சொன்னார் என்று மகனிடம் கேட்டேன்.

"மினிபஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த முறை பேத்தியைக் கூட்டி வருகிறேன் என்றார்."